எடை பார்த்து ஏற்றிய விமானம்

ஒச்சம்மாள் யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டு, நகத்தின் மேல் ஒரு சொட்டு நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். பூ மண்டியில் மின் தராசு வந்த பிறகும் அவள் விடவில்லை. மூட்டையை ஏற்றுமுன் வெறும் தட்டைக் காட்டச் சொல்வாள். கமிஷன் கடைக்காரர் சங்கடத்தோடு, “ஏம்மா, இத்தன வருசமாச்சு, என் மேல நம்பிக்க இல்லையா?” என்று கேட்டால், “உங்க மேல இருக்குங்க, தட்டு மேலதான் இல்ல” என்பாள்.

பிறந்தது சேவுகம்பட்டி. வாழ்க்கைப்பட்டது சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் மலைச்சாமிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஊரே கைகாட்டிய ஒரு வைத்தியரை நம்பி, கீழாநெல்லியும் மோருமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கல்லீரலில் மிச்சம் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு தடவை நம்பினாள், அதோடு சரி. அதற்குப் பிறகு மல்லித் தோட்டத்தையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் சந்தேகத்தை வைத்தே காப்பாற்றினாள் என்று சொல்லலாம். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். பேருந்தில் நடத்துநர் இடம் காலி என்று சொன்னால், எழுந்து போனவர் எதனால் எழுந்தார் என்று சீட்டைத் தடவிப் பார்ப்பாள்.

மூத்தவன் சடையாண்டி தோட்டத்தோடு நின்றான். அவன் மனைவி மணிமேகலை. இளையவன் முகேஷ்குமார் பாலிடெக்னிக் படித்து, செல்போன் கோபுரம் நிறுத்துகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து வடகிழக்கு மலைப்பக்கம் போனான். அங்கே ரோடு வழியாகப் போனால் நாள் முழுக்க வளைந்து வளைந்து போக வேண்டும். அதனால் ஊருக்கு ஊர் சின்ன விமானத்தில் போய்வந்தான், நம்மவர்கள் மினி பஸ்ஸில் போகிற மாதிரி. ஒருநாள் அதைப் படம் பிடித்து அனுப்பினான். உள்ளே பக்கத்துக்கு ஒரு சீட்டு. ஓட்டுகிறவரின் முதுகு தெரிந்தது. ஏறுமுன் ஒவ்வொருவரையும் பையோடு எடை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள்.

தராசைக் கண்டால் ஒச்சம்மாள் சும்மா இருப்பாளா? உடனே போன் போட்டாள்.

“ஆளை எதுக்குடா எடை போடுறான்? ஆட்டுச் சந்தையா அது?”

“சின்ன பிளேனும்மா. வெயிட்டு கூடிப்போனா கஷ்டம். அதான் பாத்து ஏத்துறாங்க.”

“அப்ப நம்மள நம்பல.”

“பாதுகாப்புக்கும்மா.”

“நம்மளப் பாக்குறான் சரி. அவன் வண்டிய யாரு பாக்குறா?”

அதற்கென்று மெக்கானிக் இருக்கிறார், தினமும் பார்ப்பார் என்று முகேஷ் சொன்னான். பார்த்ததை நீ பார்த்தாயா என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, “ஒன்னயத்தான் இங்க வேலைக்கு வைக்கணும்” என்றான். அதற்குப் பிறகும் அவன் விமானம் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் போன் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டாள். அவனும் செய்தான்.

சித்திரை பிறந்து மல்லி கொட்டுகிற நேரத்தில், இருட்டோடு மொட்டுப் பறிக்கப் போன ஒச்சம்மாள் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். திண்டுக்கல்லில் ஆப்பரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மருத்துவர் சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வீட்டில் தோட்டத்தைப் பார்த்த அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். பார்த்துக்கொள்ள அமலராணி வந்தாள். திண்டுக்கல்லில் பேகம்பூரைத் தாண்டி வீடு, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள், ஐம்பது வயதுக்காரி. கழுத்தில் ஒரு சிலுவை, கையில் கடிகாரம், வாயில் தேவைக்கு மேல் ஒரு சொல் இருக்காது.

ஒச்சம்மாள் அவளையும் சோதித்தாள். தொடுமுன் கை கழுவினாயா என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அமலராணி வாளியை அறைக்குள்ளேயே கொண்டுவந்து அவள் கண் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவினாள். நேரம் தவறாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், குதிகாலும் முதுகும் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள், பெட்பேன் வைக்கும்போது கதவைச் சாத்தினாள். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே ஒச்சம்மாளுக்கு ஒரு சந்தேகமாக இருந்தது.

விமானம் விழுந்தது இந்தச் சமயத்தில்தான். மலைமேல் ஒரு சின்ன நிலையத்திலிருந்து கிளம்பி, ஒழுங்காக மேலே ஏறி, திடீரென்று மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் போய்ச் சொருகித் தீப்பிடித்தது. ஏறியவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. முகேஷ்குமார் அதில் இருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, ஒச்சம்மாள் படுத்திருந்த அறைக்கு மட்டும் தெரியாது.

தெரியக் கூடாது என்று முடிவு செய்தவர் அவளுடைய தம்பி ஒச்சப்பன். சேதி கேட்டு சேவுகம்பட்டியிலிருந்து ஓடிவந்தவர், வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தி வாயைக் கட்டினார். அக்காவுக்கு பிரஷர் இருக்கிறது, ஆப்பரேஷன் செய்த உடம்பு, பையனின் உடல் வந்து சேரட்டும், அப்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் படுத்திருப்பவர்களிடம் இப்படித்தான் செய்கிறோம். அமலராணியிடமும் சத்தியம் கேட்டார். அவள், “நானாப் போயிச் சொல்ல மாட்டேன். நேருக்கு நேரா என்னையக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். அக்கா உன்னிடம் கேட்காது என்று ஒச்சப்பன் துணிந்து சொன்னார்.

ஆனால் உடல் வரவில்லை. தீயில் கருகியவர்களை முகம் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. ரத்த உறவுகளின் எச்சில் மாதிரியை எடுத்து டி.என்.ஏ. ஒத்துப்பார்த்துத்தான் கொடுப்போம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அண்ணனுடையதையும் எடுத்தார்கள், தாயுடையது இருந்தால்தான் உறுதி என்றார்கள்.

அறைக்குள் ஒச்சம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு.

முதலில் டிவி நின்றது. எலி ஒயரைக் கடித்துவிட்டது என்றார்கள். சரி, எலி கடிக்கும். பிறகு விடியலில் பூப் பறிக்கிற பெண்களின் சத்தம் நின்றது. தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வேலியோரம் ஊர்க் கதை பேசிப் பறிப்பவர்கள்; அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குப் பொழுது விடியும். சடையாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டாள். மொட்டுப்புழு விழுந்துவிட்டது, செடிகள் எல்லாவற்றையும் கிளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“சித்திரையில எவன்டா மல்லியக் கவாத்துப் பண்ணுவான்? மார்கழியில பண்றது அது.”

“புழு ரொம்பம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தோட்டத்துப் பக்க ஜன்னலை மணிமேகலை சாத்தியே வைத்தாள். கொசுவாம். பகலிலும் கொசுவா என்று கேட்டதற்கு, பகலிலும்தான் அத்தை என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனமாக வந்தது வெறும் துவையல். வெங்காயத்தின் சுவடே அதில் இல்லை.

ஒச்சம்மாள் கணக்குப் போட்டாள். ஆளைப் படுக்க வைத்துவிட்டுத் தோட்டத்தை விற்கப் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து வலது கைப் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு போர்வைக்குள் வைத்துப் படுத்தாள். தூக்கத்தில் மையைத் தடவிக் கைநாட்டு எடுத்துவிட்டால்? அமலராணி நாடி பார்க்க வந்தாலும் இடது கையைத்தான் நீட்டினாள். அமலராணி ஏன் என்று கேட்கவில்லை.

முகேஷ் போன் செய்யாதது அடுத்தது. சிக்னல் இல்லாத மலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். கோபுரம் நிறுத்துகிறவனுக்கே சிக்னல் இல்லையா என்று கேட்டாள். மறுநாள் ஒச்சப்பன், வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது என்று போனைக் காதருகே பிடித்தார். “ம்மா, சாப்டியா? நான் நல்லாருக்கேன். கெணத்து மோட்டார் சரியாச்சா? காயில் கட்டச் சொல்லு அண்ணன்ட்ட.”

அவன் குரல்தான். ஆனால் மோட்டாரில் எரிந்த கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டியது பொங்கலுக்கு முன்னால். பழசை எடுத்துக் கேட்க வைக்கிறார்கள். ஒச்சம்மாள் கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது மண்டியில் படித்த பாடம். தோட்டத்தை விற்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை, அதனால் சின்னவனை என்னிடம் பேச விடாமல் தடுக்கிறார்கள் என்று நினைத்தாள். பெற்ற பிள்ளை சடையாண்டி தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போது, அவன் முகத்தை வெறும் தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவரும், கூடவே விறைப்பாக நிற்கிற ஒருவரும் வந்தார்கள். அமலராணியை வெந்நீர் வைக்கச் சொல்லி ஒச்சப்பன் அடுப்படிக்கு அனுப்பியிருந்தார். சுகர் டெஸ்ட் என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்துக்குள் விட்டு இரண்டு பக்கமும் தேய்த்து எடுத்தார்கள். அவள் அப்போதுதான் வெற்றிலைப் புகையிலையைத் துப்பியிருந்தாள். வாயைக் கொப்பளிக்கக்கூட யாரும் சொல்லவில்லை. சுகருக்கு விரல் நுனியில் குத்துவார்கள் என்று ஆப்பரேஷன் சமயத்திலேயே பார்த்தவள் அவள். குச்சியைப் புது உறையில் போட்டு ஒட்டி, பொன்னைப் போலக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு ஆள் வர ஆரம்பித்தார்கள். எலும்பு முறிந்த சமயத்திலும் வந்தார்கள்தான். ரொட்டி, திராட்சை, ஹார்லிக்ஸ் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள், போகும்போது கட்டிலைத் தட்டி, “போயிட்டு வாரேன் மதினி” என்றார்கள். இப்போது வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்கள். பேச்சு எழவில்லை. பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போனார்கள். வத்தலக்குண்டு சம்பந்தக்காரர்கள் அப்படித்தான். கமிஷன் கடைக்காரர் அப்படித்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பல வருடமாக முகம் பார்க்காத பக்கத்துத் தோட்டக்காரி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதே மாதிரி சொல்லாமல் போனாள்.

அவள் அழுததில்தான் ஒச்சம்மாளுக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. தோட்டத்தை விற்றதற்கு இவள் எதற்கு அழ வேண்டும்? சந்தோஷமல்லவா படுவாள். வாய்க்குள் குச்சி விட்டுத் தேய்த்தது எதற்கு? முப்பது வருடப் புகையிலை. வாயில் கேன்சர் வந்திருக்கிறது. சாகப் போகிறவளைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாகப் போகிறவளிடம் ‘வாரேன்’ என்று சொல்லக் கூச்சம்.

ஒரு பொழுது முழுக்க அதை யோசித்துப் பார்த்தாள். பயம் அவ்வளவாக வரவில்லை. தோட்டம் போகவில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. பெருவிரலை விரித்துவிட்டாள். சடையாண்டியை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று, அன்றைக்கு அவன் கொண்டுவந்த கஞ்சியை முழுதும் குடித்தாள். ஒன்று மட்டும்தான் பொறுக்கவில்லை. தாய் சாகக் கிடக்கும்போது சின்னவனுக்கு ஏன் சொல்லவில்லை? அவன் வருவதற்குள் கண் மூடிவிட்டால்?

ஒச்சப்பனைக் கூப்பிட்டாள்.

“ஏலே ஒச்சப்பா, எனக்குத் தெரிஞ்சு போச்சு. மூடி மறைக்காத. சின்னவன வரச் சொல்லு. பேச்சு இருக்கும்போதே ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

ஒச்சப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு, “சொல்லுறேன்க்கா” என்று வெளியே போனார். முற்றத்தில் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. அதற்குப் பிறகு அவருடைய குரலும் அமலராணியின் குரலும் தணிவாகவும் வேகமாகவும் மாறி மாறி வந்தன, வார்த்தை பிடிபடவில்லை.

அங்கே நடந்தது இது. அக்கா தனக்குத்தான் வியாதி என்று நினைக்கிறது, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், இப்போதைக்கு நல்லதாகப் போயிற்று என்றார் ஒச்சப்பன். இன்னொன்றும் சொன்னார். எடுத்துப்போன மாதிரியில் வெற்றிலையும் புகையிலையும் கலந்திருந்ததால் முடிவு சொல்ல முடியவில்லையாம். நாளைக் காலையில் ரத்தம் எடுக்க வருகிறார்கள். ரத்தசோகைக்கு டெஸ்ட் என்று அக்காவிடம் சொல்லி, நீதான் கையைப் பிடிக்க வேண்டும் என்றார். அமலராணி பிடிக்க மாட்டேன் என்றாள். புள்ளையத் தேடுறதுக்குத் தாய்கிட்டத் திருடுற மாதிரி ரத்தம் எடுக்குறதா என்று கேட்டாள். சொன்னால் அம்மா தாங்காது என்று சடையாண்டி குறுக்கே வந்தான். “தாங்குறதும் தாங்காததும் அவங்க பாடு. கூட நிக்கிறது நம்ம பாடு” என்று சொல்லிவிட்டு, துண்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்தி நேரம். மணிமேகலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். அமலராணி கை கழுவி, துணியை நனைத்துப் பிழிந்து ஒச்சம்மாளின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“அமலம், ஒன்னு கேக்கணும்.”

“கேளுங்கம்மா.”

“எனக்கு வாயில கேன்சருதான?”

அமலராணி துணியைப் போட்டுவிட்டு டார்ச்சை எடுத்துவந்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். கரண்டிக் காம்பால் நாக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு என்று சாவகாசமாகப் பார்த்தாள்.

“புண்ணு இல்ல, தடிப்பு இல்ல. பல்லு ரெண்டு ஆடுது. டாக்டரும் அப்பிடி ஒன்னும் சொல்லல. நீங்க இப்ப சாக மாட்டீங்க.”

ஒச்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் கூடக் கொஞ்சம் பேசுவார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள், சிரிப்பார்கள், கையைத் தடவுவார்கள். இவள் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் துணியைப் பிழிந்தாள். மெய்தான் சொல்கிறாள்.

அப்படியானால் இவர்கள் யாருக்காக அழுகிறார்கள்?

“புழுக்கமா இருக்கு. செத்த காத்து வரட்டும்” என்று சொல்லி அமலராணி போய் ஜன்னல் கொண்டியைத் தட்டித் திறந்தாள்.

காற்றோடு மல்லி வாசம் வந்தது. ஒரு சரம், ஒரு கூடை வாசம் இல்லை. தலை கிறுகிறுக்கிற அளவுக்கு ஒரு தோட்டமே வந்து அறைக்குள் விழுந்தது.

அந்த வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தும் ஒச்சம்மாள் இப்படி ஒரு வாசத்தை முகர்ந்ததில்லை. பூக்காரர்கள் தோட்டத்தில் பூ மணக்காது. விடியுமுன் மொட்டாகவே கிள்ளி மூட்டை கட்டிவிடுவார்கள். அது விரிவதும் மணப்பதும் வேறு யார் தலையிலோ, எந்தச் சாமி கழுத்திலோ. செடியிலேயே மல்லி விரிகிறது என்றால் பறிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் விட்ட பூ இல்லை இது.

கவாத்து செய்யவில்லை, சரி. விற்றிருந்தால் வாங்கியவன் பறித்திருப்பான். நான் சாகப் போகிறேன் என்றாலும், சாகிறவரைக்கும் பறித்திருப்பார்கள். செடி நிறையப் பூவை வைத்துக்கொண்டு எந்த வெள்ளாமைக்காரன் பறிக்காமல் விடுவான்? சாவு விழுந்த வீட்டுப் பூ கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆகாது. காரியம் முடிகிறவரை தோட்டத்தில் ஆள் இறங்க மாட்டார்கள், மண்டியிலும் மூட்டையை இறக்க மாட்டார்கள். மலைச்சாமி இறந்தபோது இப்படித்தான் விட்டார்கள். அப்போது அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள், எந்த வாசமும் மூக்கில் ஏறவில்லை.

வெறுங்கையோடு வந்தது. முகத்தைப் பார்த்தது. எழுந்து போகும்போது ஒருவரும் ‘வாரேன்’ என்று சொல்லாதது. சாகப் போகிறவளிடம் கூச்சம் என்று நினைத்தாளே, அது கூச்சமில்லை. சாவு வீட்டிலிருந்து யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. எல்லாரும் நாக்கை அடக்கி, கண்ணைத் துடைத்து, டிவி ஒயரைப் பிடுங்கி அவ்வளவு ஜாக்கிரதையாக மறைத்தார்கள். அந்த ஒரு பொய்யை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

சடையாண்டி முற்றத்தில் இருக்கிறான். மணிமேகலை மாட்டிடம் இருக்கிறாள். தம்பி இருக்கிறான்.

“அமலம்.”

“சொல்லுங்கம்மா.”

“முகேசு இருக்கானா?”

அமலராணி வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“இல்லம்மா.”

ஒச்சம்மாள் தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள். அமலராணி ஆப்பரேஷன் செய்த கால் அசையாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, அக்குளில் கை போட்டுத் தூக்கி உட்கார வைத்தாள். எல்லாரையும் வரச் சொல் என்றாள்.

வந்தார்கள். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்ததுமே மணிமேகலை வாயைப் பொத்திக்கொண்டாள். ஒச்சப்பன் அமலராணியைப் பார்த்துப் பாய்ந்தார்.

“அவளை ஒன்னும் சொல்லாத. அவ சொல்லல, நான் கேட்டேன்” என்றாள் ஒச்சம்மாள். பிறகு மூத்தவனைப் பார்த்து, “எப்பிடிடா?” என்றாள்.

சடையாண்டி சொன்னான். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் சொன்னான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவனுக்கும் பாரமாகத்தான் இருந்திருக்கிறது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எடை கூடிப்போச்சா?”

“இல்லம்மா. எடையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். வால் பக்கம் ஒரு கம்பி போகுமாம், ஏத்துறதுக்கும் எறக்குறதுக்கும். அது தேஞ்சு அறுந்துபோச்சாம். எந்திரக் கோளாறுன்னு சொல்றாங்க.”

“எம் புள்ளைய எடை போட்டுப் பாத்தான்ல,” என்றாள் ஒச்சம்மாள். “அந்தக் கம்பிய எவனாச்சும் தொட்டுப் பாத்தானா?”

பதில் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. விசாரணை நடக்கிறது என்று ஒச்சப்பன் முனகினார்.

“தேஞ்சதுன்னா ஒரு நாள்ல தேயாது” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அமலராணி அவள் நெற்றியைத் தன் தோளில் சாய்த்து, ஒரு கையால் முதுகையும் மறு கையால் கம்பி வைத்த இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை பிரஷர் பார்த்தாள். ஏறியிருந்தது, மாத்திரை கொடுத்தாள். அக்கா தாங்காது என்று சொன்ன ஒச்சப்பனைத்தான் வெளியே கூட்டிப்போய் மோர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

தெருப் பெண்கள் வந்து ஒப்பாரி வைத்து ஓய்ந்த பிறகு, முகம் துடைத்துவிட்ட அமலராணியை ஒச்சம்மாள் கேட்டாள்: “தெரிஞ்சுதான் ஜன்னலத் தொறந்தியா?”

“பேசண்டுக்குக் காத்து வேணும்மா. மொத நாள்லேருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஒச்சம்மாள் அதற்கு மேல் துருவவில்லை.

அன்றிரவு புகையிலை வேண்டாம் என்றாள். காலையில் அமலராணி வாய் கொப்பளிக்க வைத்து, தலை சீவி, வேறு சேலை உடுத்தி உட்கார வைத்தாள். பறிக்காவிட்டாலும் செடிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், காய விடாதே என்று சடையாண்டிக்கு உத்தரவு போனது. வெயில் ஏறுமுன் அதே வெள்ளைக் கோட்டுக்காரர் வந்தார். சிரித்துக்கொண்டே, “லேசா ரத்தசோகை இருக்கும்போல…” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் வேணாந்தம்பி. என் மகனத் தேடத்தான எடுக்குற. எடு.”

அவர் சிரிப்பை மடக்கிக்கொண்டு பையைத் திறந்தார்.

“செத்த பொறு. மொதல்ல வெறுங்குப்பியக் காட்டு.”

அவர் ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் தரையைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டுக்காரர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஊசியின் உறையையும் அவள் முன்னால்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஒச்சம்மாள் முன்பு போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்த வலது கையை நீட்டினாள். அமலராணி பிடித்துக்கொண்டாள். ரத்தம் ஏறியதும், குப்பியில் யார் பேர் ஒட்டுகிறாய், படி என்றாள். படித்தார். இதே நாளில் வேறு யாரிடமாவது எடுக்கிறாயா, இரண்டும் ஒரே பையில்தான் போகுமா என்று கேட்டாள். இல்லை, இது ஒன்றுதான் என்றார். பெட்டியை மூடுகிற சத்தம் கேட்கிறவரை கண்ணை எடுக்கவில்லை.

வேர்த்துப்போய் எழுந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நிலைப்படி தாண்டும்போது வழக்கம்போல, “அப்ப போயிட்டு வாரேம்மா” என்று சொல்லிவிட்டார்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த சனம் திடுக்கிட்டு நிமிர்ந்தது. சாவு வீட்டில் என்ன பேச்சு இது என்று ஒச்சப்பன் அவர் மேல் சீறினார். மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“விடுடா, சொல்லட்டும்” என்றாள் ஒச்சம்மாள் கட்டிலிலிருந்து. “எம் புள்ளையோட திரும்பி வரணும்ல.”